பத்து நாளில் வர வேண்டிய பதில்

பட்டப்பெயர் வைப்பதில் துறைமுகத்துச் சுங்கச் சோதனை ஆபீஸ்காரர்களை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. வந்து இறங்கும் பெட்டிகளைத் திறந்து பார்ப்பதற்குத்தான் சம்பளம். ஆனால் பாதி நேரம் ஒருவரையொருவர்தான் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பத்து நாள் அக்கா’. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளும் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்த்தாள்.

பெயருக்குக் காரணம் அவள் வேலை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று தன் வியாபார முத்திரையை இந்த ஆபீஸில் பதிந்து வைத்திருக்கும். அந்த முத்திரை போட்ட சரக்கு வந்து, பார்த்தால் போலி மாதிரித் தெரிந்தால், அக்கா அதை நிறுத்தி வைக்கலாம். நிறுத்திய கையோடு கம்பெனிக்கு எழுத வேண்டும். பத்து வேலை நாளுக்குள் அவர்கள் ‘இது எங்கள் சரக்கு இல்லை’ என்று எழுத்தில் சொல்லியாக வேண்டும். சொல்லவில்லையா, கதவைத் திறந்து விட்டுவிட வேண்டியதுதான். வியாபாரியையும் எத்தனை நாள்தான் வாசலில் நிறுத்துவது? அதனால் அக்காவின் மேஜைக் காலண்டரில் எப்போதும் சிவப்புப் பென்சில் வட்டங்கள் இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இருப்பாள்.

எண்ணுவது அவளுக்கு ரத்தத்தில் ஊறியது. அப்பா இதே துறைமுகத்தில் லாரி எடை போடும் குமாஸ்தா. இவள் தட்டச்சு செய்பவளாக உள்ளே வந்து, துறைத் தேர்வில் இரண்டு தடவை கோட்டை விட்டு, மூன்றாம் தடவை முட்டி மோதித் தேறினாள். அப்போது வயது முப்பத்தெட்டு. இப்போது நாற்பத்தாறு. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்விட்டு, அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருவாள். “நீ போய்ப் பார்த்துட்டு வர்ற நேரத்துல இன்னொரு சமையலே முடிச்சிரலாம்” என்று அவள் வீட்டுக்காரர் சிரிப்பார். அவருக்கென்ன, சிரிப்பார். கவலைப்படுகிற வேலையை மொத்தமாக இவளிடம் குத்தகைக்கு விட்டுவிட்டவர் அவர்.

அவர் ஒரு பள்ளிக்கூடத்தின் பஸ் ஓட்டுகிறார், இருபத்திரண்டு வருஷமாக. வண்டி ஓடும்போது போன் எடுக்கக் கூடாது என்று அக்கா ஒரு சட்டம் போட்டிருந்தாள். உலகமே இடிந்து விழுந்தாலும் கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகுதான் எடுப்பார். இன்னொரு சட்டமும் உண்டு. பிரேக் கட்டை மாற்றினால் சிவப்பு முக்கோணம் போட்ட கட்டைதான் மாற்ற வேண்டும். ‘கண்ட கண்ட கட்டையை வாங்கிப் போடாதீங்க, பிள்ளைங்க உயிரு’ என்று அவளே அந்தப் பெயரைத் தேடிச் சொன்னாள். அவரும் தட்டாமல் கேட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு புதன்கிழமை காலை நானூற்றுப் பன்னிரண்டு அட்டைப்பெட்டி பிரேக் கட்டை வந்து இறங்கியது. எல்லாம் சிவப்பு முக்கோணம். அந்தக் கம்பெனி இந்த ஆபீஸில் முத்திரை பதிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அவர்கள் அனுப்பியிருந்த கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அக்கா ஒரு பெட்டியின் அடியிலிருந்து நாலு கட்டையை உருவினாள். மேல் வரிசையை அவள் எடுக்க மாட்டாள், அது கண்ணுக்காக அடுக்குவது. கட்டையின் முதுகில் இருக்கும் இரும்புத் தகட்டில் எண் குத்தியிருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனி எண். இங்கே நாலிலும் ஒரே எண்தான் இருந்தது. நாலு பேருக்கும் ஒரே பிறந்தநாள் என்றால் ஒன்று இரட்டைக்கு இரட்டையாய்ப் பிறந்திருக்க வேண்டும், இல்லை யாரோ புளுகியிருக்க வேண்டும். சரக்கை நிறுத்தினாள். காலண்டரில் முதல் வட்டம் போட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் உப்பு எடுக்கச் சமையலறை அலமாரியைத் திறந்தாள். மேல்தட்டில் சிவப்பு முக்கோணம் போட்ட ஒரு காலி டப்பா. மூன்று மாதத்துக்கு முன் பஸ்ஸுக்குக் கட்டை மாற்றியபோது, நல்ல கெட்டி அட்டையாக இருக்கிறதே என்று வீட்டுக்காரர் எடுத்து வந்து ஆணியும் திருகும் போட்டு வைத்தது. அதன் பக்கவாட்டில் எண் இருக்கும். கையை நீட்டி டப்பாவைத் திருப்பினால் போதும். அக்கா கையை நீட்டினாள். பிறகு உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு அலமாரியைச் சாத்தினாள்.

ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் மூன்றாம் நாள் வந்த சரக்குக்காரர் பதில் சொல்வார். சரக்கை வரவழைத்த வியாபாரி அவர். சத்தம் போடுகிற ஆள் இல்லை. வந்தார், எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார், நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“மேடம், எனக்கு ஒண்ணுதான் புரியலை. நாலு மாசம் முன்னாடி இதே கட்டைதான் கொண்டாந்தேன். இதே ஆளுங்ககிட்ட வாங்கினதுதான். நீங்கதானே கையெழுத்துப் போட்டு விட்டீங்க?”

“அப்போ அந்த முத்திரை எங்ககிட்ட பதிவாகலை. நாங்க அந்தக் கண்ணோட பார்க்க வேண்டியதில்லை.”

“அதைச் சொல்லலை மேடம். அது நல்ல சரக்குன்னா இதுவும் நல்ல சரக்குதானே? இது கெட்டதுன்னா…”

அவர் முடிக்கவில்லை. நல்ல மனிதர், முடிக்காமலே விட்டார். அவர் போன பிறகு அக்கா பழைய பதிவை எடுத்துப் பார்த்தாள். முந்நூறு பெட்டி. கீழே அவள் கையெழுத்து, சுழித்துச் சுழித்து, அழகாக. அன்றைக்கு ஒரு பெட்டியைத் திறந்தோமா, வெளியில் தட்டிப் பார்த்ததோடு சரியா, எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. குற்றம் அவள் மேல் இல்லை, சட்டப்படி இல்லவே இல்லை. ஆனால் முந்நூறு பெட்டி ஊருக்குள் போயிருக்கிறது. வேனில், ஆட்டோவில், ஆம்புலன்ஸில், பஸ்ஸில். இது போலி என்று பதில் வந்தால் அதுவும் போலி. இது நிஜம் என்று வந்தால், ஒரு அப்பாவி மனுஷனைப் பத்து நாள் உலுக்கி எடுத்த பழி வரும். எந்தப் பதில் வந்தாலும் அவளுக்குத்தான் அடி. அவளுக்குப் பயமாக இருந்தது. எந்தப் பதிலைக் கண்டு கூடுதல் பயம் என்றுகூட அவளால் சொல்ல முடியவில்லை.

நாலாம் நாள் கம்பெனியின் வக்கீல் கடல் கடந்து எழுதினார்: போட்டோ பார்த்தோம், போதாது. எங்கள் இன்னொரு தொழிற்சாலையில் ஒரே எண் குத்துகிற வழக்கமும் உண்டு. கட்டையை நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. மாதிரி அனுப்புங்கள்.

அன்றே நாலு கட்டையையும் பொதிந்து விமானத்தில் அனுப்பினாள். அனுப்பும்போது ஒரு காரியம் செய்தாள். படிவம் நிரப்பும்போது ‘உள்ளே என்ன’ என்ற கட்டத்தில், வேறு யாராக இருந்தாலும் ‘இரும்புச் சாமான், மாதிரி’ என்று எழுதித் தப்பித்திருப்பார்கள். பிறர் எழுதுகிற படிவத்தில் பொய் தேடிப் பிழைக்கிறவளுக்கு அதற்குக் கை வரவில்லை. ‘போலி என்று சந்தேகிக்கப்படும் பிரேக் கட்டை, நான்கு’ என்று அட்சர சுத்தமாக எழுதினாள். ‘இது அரசாங்கம் அனுப்பும் மாதிரி, தடுக்க வேண்டாம்’ என்று முத்திரை குத்திய கடிதம் ஒன்று உண்டு, பொதியின் மேல் ஒட்ட வேண்டியது. மழையில் நனைந்துவிடுமே என்று அதைப் பொதிக்குள்ளே, கட்டைகளுக்கு நடுவில், பத்திரமாக வைத்துவிட்டாள்.

ஏழாம் நாள் காலை கம்ப்யூட்டரில் பொதியின் நிலவரம் வந்தது. கம்பெனி இருக்கும் நாட்டின் சோதனை அதிகாரிகள் அதைப் பிடித்து வைத்துவிட்டார்கள். காரணம், போலிச் சரக்கு என்று சந்தேகம்.

மூன்றாம் மாடியே சிரித்தது. “அக்கா, உங்க ஆளுங்கதான், வேற யாரு இவ்வளவு கரெக்டா வேலை செய்வாங்க” என்றார் பக்கத்து மேஜைக்காரர். அக்காவுக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டியதுதான், வரவில்லை. அங்கேயும் இதே சட்டம். அவர்கள் கம்பெனிக்கு எழுதுவார்கள், கம்பெனிக்குப் பத்து வேலை நாள் கொடுப்பார்கள். அந்தப் பத்து இன்றைக்குத்தான் தொடங்குகிறது. இவளுடைய பத்தில் மிச்சம் மூன்று.

அவளுடைய மேலதிகாரி, ஆபீஸில் எல்லோரும் ‘பெரியவர்’ என்பார்கள், விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முறைப்படி அமைச்சகம் வழியா எழுதலாம்மா. அவங்க அங்க இருக்கிற அமைச்சகத்துக்கு எழுதுவாங்க. மூணு வாரம் ஆகும்.”

“மூணு நாள்தான் சார் இருக்கு.”

“தெரியும். நீங்க செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சிட்டீங்க. பதில் வரலை, சட்டப்படி விட்டுடறோம். நாளைக்கு யாரும் உங்களை ஒரு வார்த்தை கேட்க முடியாது. எதுக்கு மண்டையைப் போட்டு உடைச்சுக்கறீங்க?”

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். அதில்தான் ஆபத்து. அன்று முழுக்க அந்த வார்த்தை அக்காவின் காதில் இனித்துக்கொண்டே இருந்தது. பேசாமல் இருந்தால் போதும். மூன்று வட்டம் போட்டால் தீர்ந்தது. இதுவும் போய்விடும், நாலு மாதத்துக்கு முன் போனதையும் யாரும் தோண்ட மாட்டார்கள். பொதி மாட்டிக்கொண்டது நல்லதற்குத்தானோ என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்தாள்.

எட்டாம் நாள் காலை வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார், “பள்ளிக்கூடத்துக்கிட்ட இறக்கம் இருக்குல்ல, அங்க ரெண்டு நாளா வண்டி கொஞ்சம் தள்ளித்தான் நிக்குது. மழைன்னு நினைக்கறேன்.”

“எவ்வளவு தள்ளி?”

“ஒரு ஆள் நீளம் இருக்கும். விடு, மழை நின்னா சரியாப் போயிரும்.”

“இன்னைக்கே மெக்கானிக்கிட்ட காட்டுங்க.”

“காட்டினேன்மா. கட்டை புதுசாத்தான் இருக்கு, உங்க வீட்டம்மா சொன்ன கம்பெனிதானேன்னு சொல்லிட்டாரு.”

அவர் போய்விட்டார். அக்கா அலமாரி முன்னால் நின்றாள், அன்றும் டப்பாவைத் திருப்பவில்லை. ஆனால் ஆபீஸுக்குப் போனதும் கைப்பையைக் குடைந்து, மூலையில் கிடந்த ஒரு அட்டையைத் தேடி எடுத்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் பல நாட்டுச் சோதனைக்காரர்களை ஒரே கூடத்தில் உட்காரவைத்து ஐந்து நாள் பயிற்சி நடந்தது. போலிச் சரக்கை நாடுகள் சேர்ந்து எப்படிப் பிடிப்பது என்று. பேசியவர்கள் பேசினார்கள், தூங்கியவர்கள் தூங்கினார்கள். அக்காவின் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் பெரிய மீசைக்காரர், பொதி மாட்டிக்கொண்டிருக்கும் அதே நாட்டு அதிகாரி. கிளம்பும்போது “என்ன வேணும்னாலும் கூப்பிடுங்க” என்று அட்டையைக் கொடுத்தார். எல்லோரும்தான் கொடுத்தார்கள். யார் கூப்பிடப் போகிறார்கள்?

அங்கே ஆபீஸ் திறக்கும்போது இங்கே மதியம் இரண்டு மணி. பேச வேண்டியதை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி, நாலு தரம் படித்துப் பார்த்து, எண்ணை அழுத்தினாள். மீசைக்காரருக்கு அவளை ஞாபகம் இருந்தது. பொதியின் கதையைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, பிடித்ததை விட முடியாது, அது தன் கையில் இல்லை என்றார்.

“விட வேண்டாம்” என்றாள் அக்கா. எழுதி வைத்திருந்த தாள் அவளுக்கு மறந்தே போயிற்று. “அங்கேயே இருக்கட்டும். கம்பெனி ஊர் உங்க ஊர்தானே? பிடிச்ச சரக்கைக் கம்பெனிக்காரங்க வந்து பார்க்கலாம்னு உங்க சட்டத்துலயும் இருக்கும். ஒரு ஆளை வரச் சொல்லுங்க.”

மீசைக்காரர் யோசித்தார். சட்டம் இருக்கிறது, ஆனால் கடிதம் போய் அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் ஆகும் என்றார். நாலு கட்டைக்கு எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்டார்.

“என் வீட்டுக்காரர் ஸ்கூல் பஸ் ஓட்டறாரு” என்றாள். “இதே கட்டை. போன தடவை வந்ததை நான்தான் விட்டேன்.”

யாரிடமும் சொல்லாததை, முகம்கூடச் சரியாக ஞாபகமில்லாத ஒரு மனிதரிடம் சொல்லிவிட்டாள். கடிதத்துக்குக் காத்திருக்கவில்லை, நானே போன் செய்கிறேன், சாவியோடு கிடங்கு வாசலில் நானே நிற்கிறேன் என்றார் மீசைக்காரர்.

ஒன்பதாம் நாள் ஒன்றும் வரவில்லை. மீசைக்காரர் கேட்டுவிட்டாராம், கம்பெனியில் வருகிறோம் என்றிருக்கிறார்களாம், எப்போது என்று தெரியாதாம். அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், மூடினாள்.

பத்தாம் நாள் மதியத்திலிருந்தே சரக்குக்காரர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விடுவிக்கும் உத்தரவு பெரியவரின் மேஜையில் நிரப்பித் தயாராக இருந்தது, ஐந்து மணிக்குக் கையெழுத்து. மூன்றரை ஆயிற்று. பள்ளிக்கூடம் விடும் நேரம். அக்கா கம்ப்யூட்டரையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரக்குக்காரர், “டீ சொல்லட்டுமா மேடம்?” என்றார் பாவம்.

மூன்று ஐம்பதுக்குப் பதில் வந்தது. கம்பெனியின் பொறியாளர் கிடங்குக்கு நேரில் போய், கட்டையை எடை போட்டு, ஓரத்தைச் சுரண்டிப் பார்த்து எழுதியிருந்தார். கையெழுத்து, முத்திரை, எல்லாம் முறையாக இருந்தது. இவை எங்கள் தயாரிப்பு அல்ல. நடுவில் இருப்பது அமுக்கிய தூளும் பசையும். சூடேறினாலும் நனைந்தாலும் பிடிப்பு விட்டுப்போகும். இந்த எண் குத்திய கட்டை எந்த வண்டியில் இருந்தாலும் உடனே கழற்ற வேண்டும்.

அக்கா முதலில் போனை எடுத்தாள். வீட்டுக்காரருக்கு மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? அவள் போட்ட சட்டம். மறுபடி அடித்தாள். மறுபடி. வெளியே மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்கு அடித்தாள், பஸ் கிளம்பிக் கால் மணி ஆகிறது என்றார்கள்.

“என்ன மேடம், பதில் வந்துடுச்சா?” என்றார் சரக்குக்காரர். அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் படித்தார், கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். “சத்தியமா நிஜம்னு நினைச்சுத்தான் வாங்கினேன். என் கார்லயே இதைத்தான் போட்டிருக்கேன். காலையில பேத்தியை அதுலதான் கொண்டுபோய் விட்டேன்” என்றார். போனைத் தேடிச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே எழுந்து போனார்.

பெரியவர் விடுவிக்கும் உத்தரவைக் கிழித்துப் போட்டுவிட்டு எச்சரிக்கைப் படிவத்தை நீட்டினார். சேர்ந்து வேலை செய்யும் நாடுகளுக்கெல்லாம் போகிற படிவம் அது. போலி பிடிபட்டால் எண், படம், வந்த வழி எல்லாம் எழுதி அனுப்ப வேண்டும். மற்றவர்கள் தங்கள் துறைமுகத்தில் தேடுவார்கள். அக்கா எழுதினாள். எழுதிக்கொண்டே நடுநடுவே போன் அடித்தாள். கடைசிக் கட்டம்: ‘இதற்கு முன் இதே சரக்கு விடுவிக்கப்பட்டுள்ளதா? விடுவித்த அலுவலர்?’

“அதைக் காலியா விடுங்கம்மா” என்றார் பெரியவர் மெல்ல. “அந்தச் சரக்கைத்தான் யாரும் சோதிச்சுப் பார்க்கலையே. போலின்னு நமக்கு எப்படித் தெரியும்?”

அவள் பேனாவை அந்தக் கட்டத்தின் மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தேகாலுக்கு போன் அடித்தது. வீட்டுக்காரர். வழக்கமான குரல். “என்னம்மா, பதினாலு தடவை கூப்பிட்டிருக்க? அடுப்பை அணைக்கலையா?”

“பிள்ளைங்க?”

“எல்லாரையும் இறக்கியாச்சு. வண்டியை ஷெட்ல போட்டுட்டு இப்பத்தான் வீட்டுக்குள்ள நுழையறேன். ஏன், என்ன ஆச்சு?”

அக்கா பதில் கடிதத்தைக் கிட்டே இழுத்தாள். “அலமாரியில மேல்தட்டுல ஆணி டப்பா இருக்கு பாருங்க. அதுல பக்கவாட்டுல ஒரு நம்பர் இருக்கும். படிங்க.”

ஆணிகள் குலுங்குகிற சத்தம் கேட்டது. அவர் நிதானமாக, ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். அக்கா பதில் கடிதத்தில் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். எட்டு எண். எட்டும் சரியாக இருந்தது.

“ஏங்க, அந்த பஸ்ஸை இனிமே எடுக்காதீங்க. கட்டையைக் கழற்றாம ஒரு அடி நகர்த்தக் கூடாது.”

“நாளைக்குக் காலையில அறுபது பிள்ளைங்க ரோட்டுல நிக்குமேம்மா. நீதானே இந்தக் கம்பெனி பார்த்து வாங்கச் சொன்ன?”

“நான்தான் சொன்னேன். அதை உள்ள விட்டதும் நான்தான்.”

போனில் மழைச் சத்தம் கேட்டது. அக்கா படிவத்தின் கடைசிக் கட்டத்தில் ஆமாம் என்று எழுதி, முந்நூறு பெட்டி என்று எழுதி, அதற்குக் கீழே தன் முழுப் பெயரையும் தெளிவாக எழுதினாள். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“சரி” என்றார் வீட்டுக்காரர். “பெத்தவங்க கேட்பாங்க. ஏன் வண்டி வரலைன்னு என்ன சொல்ல?”

“என் பேரைச் சொல்லுங்க” என்றாள்.